ஏவிஸ் வேண்டாமென்ற அனுமதி

எங்கள் ஆல்டர்கூமில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால், மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட ஊர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் போன ஒருவரைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். இந்த ஊரிலேயே பிறந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுள் கரண்டி பிடித்த ஏவிஸ் போப்ஜாய், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார வேண்டிய வயதில், "நன்றி சொல்ல மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தூக்கிய காலை மூன்று வருஷம் கீழே வைக்கவில்லை.

பஞ்சாயத்தில் எனக்கு அவள் பக்கத்து நாற்காலி. தேவாலயத்தில் அவள் புருஷன் லென்னோடு சேர்ந்து மணி அடிப்பவன் நான். ஆகையால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஏவிஸ்தான் வர வேண்டும். அவள் சொன்னால் விடிந்துவிடும்.

லென்னுக்கு ஐம்பத்தைந்து வயதில் பார்வை போயிற்று. முழுக்கப் போன பிறகும் செவ்வாய்க்கிழமை மாலை மணிப் பயிற்சிக்கு அவன் தவறியதில்லை. யாரும் கைபிடித்துக் கூட்டி வந்ததும் இல்லை. அவர்கள் வீடு ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஆறு வீடுகளில் கடைசி. சிறு பாலத்தைத் தாண்டினால் பண்ணையின் மேய்ச்சல் நிலம், அதன் ஓரமாக ஒரு கல்சுவர், சுவரை ஒட்டி ஒற்றையடிப்பாதை. இடது கையைச் சுவரில் வைத்தால் தேவாலயத்துக் கேட்டில்தான் எடுக்க வேண்டும். வந்து சேர்ந்து, ஆறு மணிகளில் பெரியதன் கயிற்றைப் பிடிப்பான். அதன் முதல் அடி காதில் விழும்வரை ஏவிஸ் சமையலறையில் நின்றுகொண்டே இருப்பாள். கேட்ட பிறகுதான் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு உட்காருவாள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. தார்ச்சாலை இருக்கிறது. நடைபாதை கிடையாது, இரண்டு பக்கமும் முள்வேலி, வளைவில் கல்குவாரி லாரிகள் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்து வரும். கண் தெரிந்தவர்களே அதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவோம்.

பண்ணைக்காரர் வால்ட்டர் க்ரிக் செத்துப் போனார். வாரிசுகள் கனடாவிலிருந்தபடியே பண்ணையை விற்றார்கள். லண்டனிலிருந்து டொபையஸ் ஹார்கோர்ட் என்பவர் வந்து வாங்கினார், மேய்ச்சல் நிலத்தில் குதிரைகளை விட்டார், குதிரைகள் மிரளும் என்று பாதையின் இரண்டு முனையிலும் பூட்டுப் போட்டார். நல்ல மனுஷர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் ஊர் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்திருக்கும். இவரோ வீடு வீடாகக் கேக் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஏவிஸ் வீட்டுக்கு அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கேக் இருக்கும் இடத்தில் நான் இருப்பது வழக்கம்.

"லென், உங்களப் போயி நான் தடுப்பேனா? இந்தாங்க சாவி. எப்ப வேணும்னாலும் வாங்க, போங்க. என்னோட முழு அனுமதி உங்களுக்கு உண்டு," என்றார்.

லென் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு. பழைய வால்ட்டர்கிட்டயும் ஒரு தடவ நான் கேட்டேன், போகலாமான்னு. அதுக்கு அவரு..."

"லென்," என்றாள் ஏவிஸ்.

ஹார்கோர்ட் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஓ, அப்பவும் அனுமதி கேட்டுத்தான் போனீங்களா?"

ஏவிஸ் சாவியை மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள். "கேக்கு நல்லா இருக்கு சார், அதுக்கு நன்றி. சாவி வேணாம். அதுக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

என் கேக் தொண்டையில் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் சொன்னதில் சட்டம் இருந்தது. இருபது வருஷம் யாரிடமும் கேட்காமல், ஒளிந்து மறைந்து போகாமல், யாரும் தடுக்காமல் ஊர் நடந்த பாதை ஊருக்குச் சொந்தம். கேட்டு, அவர் சரி என்று சொல்லி நடந்தால் அது வெறும் தயவு. தயவை நினைத்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அவர் போனதும் ஏவிஸ் திரும்பினாள். "அந்தக் கிழவன்கிட்ட போயி அனுமதி கேட்டியா நீ?"

"கேட்டேன் ஏவிஸ். ஆனா அவரு என்ன சொன்னாருன்னா..."

"வாய மூடு. அவரு என்ன சொன்னா எனக்கென்ன? நீ கேட்டியே, அதுவே போதும். ஆறு வீட்டுக்கும் சேத்துக் கொள்ளி வெச்சுட்ட. இனிமே இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாத."

லென் மூச்சு விடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற புருஷன்.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு ஏவிஸ் வந்தாள். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். எங்கள் தலைவர் கிளைவ் மாடோக்ஸ் சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர். நாய்க் கழிவு, புல் வெட்டு, கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கு, இவற்றைத் தாண்டி எதிலும் கருத்துச் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டார்.

"அவருக்கு ஒரு மரியாதையான கடிதம் எழுதுவோமே, ஏவிஸ்," என்றார்.

"கடிதத்துல என்னன்னு எழுதுவீங்க? 'தயவுசெய்து'ன்னு எழுதுவீங்க. அந்த வார்த்தைய எழுதின நிமிஷமே பாத போச்சு. மாவட்டத்துக்கு எழுதுங்க, இது ஊர்ப்பாதைன்னு பதிவு பண்ணுங்கன்னு."

"மூணு நிமிஷம் ஆச்சும்மா."

"அப்ப மிச்சத்த அடுத்த மாசம் சொல்றேன்."

சொன்னாள். அதற்கடுத்த மாதமும் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். இதற்கிடையில் ஓர் உறுப்பினர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஊரை விட்டுப் போக, ஓர் இடம் காலியாயிற்று. வழக்கம்போல ஒருவரும் முன்வரவில்லை. ஏவிஸ் கை தூக்கினாள். விதிப்படி மறுக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவள் எங்கள் பக்கமே வந்து உட்கார்ந்தாள், இப்போது மூன்று நிமிஷக் கட்டுப்பாடும் கிடையாது. கடைசியில் வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று என்று ஜெயித்தாள். நாலாவது கை என்னுடையது. அவள் முழங்கை என் விலாவில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாவட்டத்துக்கு மனு போயிற்று. ஹார்கோர்ட் ஆட்சேபித்தார். விசாரணை அதிகாரி வரும்வரை பூட்டு பூட்டாகவே இருந்தது.

அந்த மாதங்கள்தான் மோசம். ஆரம்பத்தில் நான் லென்னைக் காரில் கூட்டி வந்தேன். சில வாரங்கள் வந்தான். பிறகு ஒருநாள், "விட்டுருப்பா. மூட்டைய ஏத்தி எறக்குற மாதிரி இருக்கு எனக்கு," என்று சொல்லி நின்றுவிட்டான். பெரிய மணியை வேறொருவர் அடித்தார். அந்தச் சத்தம் கேட்கும்போது ஏவிஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாளாம். அவன் அடிக்காத மணி அவளுக்குப் பொறுக்கவில்லை.

எனக்கே ஒருநாள் மனசு கேட்கவில்லை. "சாவிய வாங்கிக்கோயேன். ஊருக்காக இல்ல, அவனுக்காக," என்றேன்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்தாள். "நாளைக்கு இந்த ஆளு வித்துட்டுப் போனா, அந்தச் சாவிய யார்கிட்டக் காட்டச் சொல்ற? பக்கத்து வீட்டு டாஃப்னி கைக்குழந்தையத் தள்ளிக்கிட்டு லாரிக்கு நடுவுல போறாளே, அவளுக்கு எந்தச் சாவி? இத்தன வருஷம் லென் ஒருத்தன் தயவுலயும் நடக்கல. கண்ணு போனப்புறமும் அவன்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிச்சையா ஆக்கச் சொல்றியா?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அவனை வீட்டில் பூட்டி வைத்திருப்பது ஹார்கோர்ட் மட்டுமில்லை, தானும்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

ஒருவழியாக விசாரணை வந்தது. ஊர் மண்டபத்தில் நாற்காலி போட்டு, தேநீர்ப் பாத்திரத்தைச் சூடாக்கி வைத்தோம். விசாரணை அதிகாரி ஒரு சின்ன உருவ அம்மா. ஈரக் குடையை மடித்து மேஜைக்கடியில் வைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்.

அங்கேதான் எங்கள் ஊர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

தபால் கொடுக்கும் பெர்சிவல் எழுந்தார். "வால்ட்டர் தங்கமான மனுஷன். எங்களையெல்லாம் நடக்க விட்டாரு."

ஹார்கோர்ட்டின் வக்கீல் இனிமையாகக் கேட்டார். "நடக்க விட்டாருன்னா, அனுமதி குடுத்திருந்தாருன்னு எடுத்துக்கலாமா?"

"தாராளமா. அவ்வளவு பெரிய மனசு."

அடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். உண்மையில் வால்ட்டர் க்ரிக் எங்களைப் பார்த்தால் காறித் துப்புகிற ஆள். ஆனால் செத்தவரைப் பற்றி, அதுவும் பாதிரியார் முன்னால், எப்படிக் குறையாகப் பேசுவது? பாதை போனாலும் பரவாயில்லை, மரியாதை போகக் கூடாது. ஏவிஸ் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் முறை வந்தது. "வால்ட்டர் எனக்கு அனுமதியும் குடுக்கல, குட் மார்னிங்கும் குடுக்கல. இங்க யாருக்கும் குடுக்கல. இவங்கல்லாம் செத்த வீட்டுல பேசுற மாதிரி பேசுறாங்க," என்றாள். மண்டபமே தலையைக் குனிந்துகொண்டது.

வக்கீல் எழுந்தார். "உங்க கணவர் திரு. க்ரிக்கிட்ட அனுமதி கேட்டாரா, இல்லையா?"

ஏவிஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். வால்ட்டர் செத்துவிட்டார், கேட்ட லென்னோ அவள் சொன்னால் வாய் திறக்க மாட்டான். "கேட்டான்," என்றாள்.

வக்கீல் உட்கார்ந்தார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மூன்று வருஷம் ஒரு சொல்லில் போயிற்று.

அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "திரு. போப்ஜாய் இங்க இருக்காரா? அவர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?"

லென் மெல்ல எழுந்தான். முகத்தை ஏவிஸ் குரல் வந்த பக்கம் திருப்பினான். இந்த முறை அவள் தடுக்கவில்லை.

"சொல்றேம்மா. ஆனா அவரு சொன்னத அப்படியேவா சொல்லணும்? பாதிரியார் இருக்காரு."

"அப்படியே சொல்லுங்க."

"என் கண்ணு போன வருஷம்மா. உங்க சுவத்துல கை வெச்சுக்கிட்டுப் போனா உங்களுக்கு ஆட்சேபம் இல்லையேன்னு கேட்டேன். அதுக்கு அவரு, 'கண்ணுதான் போச்சுன்னு பாத்தா மூளையும் போச்சாடா நாயே? எங்கிட்ட எதுக்குக் கேக்குற? இதென்ன எங்கப்பன் வீட்டு வழியா? எங்கப்பன் இந்தப் பண்ணைய வாங்குறப்பவே ஊர்க்காரன் நடந்துக்கிட்டுத்தான் இருந்தான். இதக் குடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல, தடுக்கவும் அதிகாரம் இல்ல. இருந்திருந்தா எப்பவோ அடச்சிருப்பேன், உங்க மூஞ்சியெல்லாம் எவன் பாப்பான்? கேட்டச் சாத்திட்டுப் போயித் தொல'ன்னாரு." லென் ஒரு கணம் யோசித்தான். "நடுவுல இன்னும் ரெண்டு வார்த்த இருந்துச்சும்மா. அத விட்டுட்டேன்."

பாதிரியார் கூரையைப் பார்த்தார். அதிகாரி அம்மா எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வக்கீல் ஹார்கோர்ட் காதில் ஏதோ சொன்னார், பிறகு காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். லென் வாயில் வந்த வால்ட்டரின் குரலை மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. தங்கமான மனுஷர் என்று சொன்ன பெர்சிவலே மெதுவாகத் தலையாட்டினார்.

"இத ஏன் லென் எங்கிட்ட சொல்லல?" என்றாள் ஏவிஸ்.

"எத்தன தடவ ஆரம்பிச்சேன். நீ வாய மூடுன்ன. மூடிக்கிட்டேன்."

மூன்று வருஷத்தில் ஏவிஸ் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். வாயால் கேட்கவில்லை. நடந்து போய் அவன் கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டு, அவன் தோளிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வசந்த காலத்தில் தீர்ப்பு வந்தது. பாதை ஊருடையது. பூட்டைக் கழற்ற ஹார்கோர்ட்டே வந்தார். தோற்றதிலும் நல்ல மனுஷர்தான். "இனிமே நீங்க தாராளமா நடக்கலாம், லென்," என்று கை குலுக்கினார். லென் உதட்டில் "நன்றி" வந்துவிட்டது. ஏவிஸ் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றான் லென்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் ஐந்து பேரும் கோபுரத்தில் கயிற்றைத் தொடாமல் காத்திருந்தோம். தாமதமானது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். படியில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. பாசி ஒட்டிய இடது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "சுவத்துல ஒரு கல்லு ஆடுது. பஞ்சாயத்துல சொல்லு," என்றான் என்னிடம். பிறகு பெரிய மணியின் கயிற்றைத் தேடிப் பிடித்து இழுத்தான்.

அந்நேரம் ஓடைக்கு அக்கரையில் ஏவிஸ் கெட்டிலை அடுப்பில் வைத்திருப்பாள்.