நான் ஓட்டினால் மட்டும் வந்த சத்தம்

என் காரில் ஒரு சத்தம் வந்தது. நான் ஓட்டினால் மட்டும் வந்தது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. வீடு செங்கல்பட்டில், எனக்கு வேலை மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக ஓர் ஆய்வுக்கூடத்தில். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் வந்து இடுப்பு விட்டுப்போய், என் சம்பளத்தில் என் பெயரில் ஒரு பழைய கார் வாங்கினேன். டிரைவிங் ஸ்கூலில் சொன்னதை அப்படியே செய்வேன். வண்டி நின்றால் நியூட்ரல், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்ததும் அடியில் கர்ர் என்று, காய்ந்த அம்மியில் குழவியை இழுப்பது போல ஒரு சத்தம். மிதித்தால் நின்றுவிடும்.

கணவரிடம் சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"நான் ஓட்டினா ஒரு சத்தமும் இல்ல. கிளட்ச்சைத் தேய்ச்சு வச்சிருக்கே."

சத்தமே இல்லையாம், ஆனால் தேய்ந்துவிட்டதாம்! சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. யார் ஓட்டுவது என்று மட்டும் கேட்டான்.

"லேடீஸ் ஓட்னா இப்டித்தான் சார். காலை கிளட்ச்சு மேலயே வெச்சிகினு ஓட்டுவாங்கோ. செட்டே மாத்திடலாம்."

"மிதிச்சா சத்தம் நிக்குதுங்க, விட்டாத்தான் வருது" என்றேன்.

"நீங்க இருங்க மேடம்" என்றான், ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசி.

கழற்றிப் போட்ட பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். பெரிய தேய்மானம் எதுவும் இல்லை. அதைக் கணவரிடம் காட்டினேன். அவர் பார்த்த பார்வையில் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

புது கிளட்ச் வந்தது, சாவி வரவில்லை. "கொஞ்ச நாள் பஸ்லயே போ. மறுபடியும் கெடுத்து வைக்காதே" என்றார். என் வண்டியில் அவர் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். நான் மறுபடி பஸ்ஸில் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்கு இருவரும் காரில் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எங்கள் ஊரில் கேட்டுக்கு முன்னால் எவனும் சும்மா நிற்கமாட்டான். எதிரே வருகிறவனுக்கும் இடம் விடாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே பாயக் காத்திருப்பான். இவரும் அப்படித்தான். இரண்டு ரயில் போகும்வரை மிதித்த காலை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் ஓட்டினால் ஏன் சத்தம் வரும்? ஓடும்போது ரோட்டு இரைச்சல், நின்றால் மிதித்த கால்.

"நியூட்ரல்ல போட்டு காலை எடுங்க."

"கேட்டு தொறந்துடும், சும்மா இரு."

கையை நீட்டி கியரை நானே நியூட்ரலுக்கு இழுத்தேன். "இப்ப எடுங்க."

எடுத்தார். கர்ர்.

"மிதிங்க."

நின்றது. மூன்று தடவை செய்ய வைத்தேன். கேட் திறந்து பின்னால் ஹாரன் அலறியது. நேராக ஷெட்டுக்கு விடச் சொன்னேன்.

அங்கேயும் அதையே செய்து காட்டினேன். மெக்கானிக் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். தலையைச் சொறிந்தான்.

"இது கிளட்ச்சே இல்ல சார். கியர்பாக்ஸ் உள்ள பேரிங் போயிகீது. காலை எடுத்தா சுத்துது, கத்துது. மிதிச்சா நின்னுபூடுது." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க அன்னிக்கே கரீட்டா சொன்னீங்கோ அக்கா. நான்தான் காதுல வாங்கல. என் தப்புதான், மன்னிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவர், "வண்டி ரெடியானா நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றார், பெரிய மனசு பண்ணி. என் வண்டியில் போக எனக்கே அனுமதி!

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மெக்கானிக் சொன்ன அந்த ஒரு சொல்லை இவர் இன்னும் சொல்லவில்லை.