அஞ்சு சதத் தெரு

என் வீட்டுக்காரர் ராட்டினத் தோட்டம் போடப்போவதாகச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கழுநீரோடு பாதி அரிசியும் போய்விட்டது. கண்டியில் கோப்பி காசாகக் கொட்டிய காலம் அது. மலையிலிருந்து மூட்டை இறக்க ஒரு சோடி மாடு வைத்திருந்தவன்கூடத் தலைநிமிர்ந்து நடந்தான். எங்களிடம் மூன்று சோடி இருந்தது. மூன்றையும் விற்று ராட்டினம் செய்யப்போகிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால், கட்டியவள் அரிசியைப் பார்ப்பாளா, ஆளைப் பார்ப்பாளா?

"ரயில் வந்திருச்சு. இனி வண்டி மாட்டை நம்பி எத்தனை நாளைக்கு?" என்றார். "ஞாயித்துக்கிழமையானா தோட்டத்துச் சனம் கடைவீதிக்கு வந்து, காலு கடுக்க நடந்துட்டுத் திரும்பிப் போகுது. சிரிச்சிட்டுப் போக ஒரு இடம் வேணாமா?"

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா தைப்பூசத்தோட அக்கரைக்குக் கிளம்பிருவோம். அண்ணன் வீடு இருக்குல்ல."

அண்ணன் வீடு என்றால் ஓரகத்தியின் அடுப்படி. கல்யாணமான புதிதில் கடல் கடந்து போய் அங்கே ஒரு மாதம் இருந்திருக்கிறேன். உப்புச் சாடிக்குப் பூட்டுப் போட்டவளை உலகத்தில் நான் அங்கேதான் பார்த்தேன். குழம்பு சப்பென்றிருந்தால் அவளிடம் போய்க் கையேந்தி நிற்க வேண்டும். கண்டியில் பிறந்து வளர்ந்து, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லியே பழகியவள் நான். அந்த அடுப்படிக்குத் திரும்பிப் போவதைவிட ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கலாம் என்று தோன்றியது. சரி என்றேன்.

ஹந்தானை மலையடிவாரத்தில் பழைய கோப்பிக் களம் ஒன்று சும்மா கிடந்தது. பழம் காயப்போட்ட ஸ்டோரை ரயிலடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். ஆசாரி ஒருவர் வந்து நான்கு தொட்டில் வைத்த பெரிய ராட்டினம் செய்தார். நாலைந்து ஊஞ்சல், ஒரு சறுக்குப் பலகை, குதிரை என்று அவர் சொல்லிக்கொண்ட மர உருவங்கள் சில. அவற்றை ஆடு என்றுதான் நான் கடைசிவரை நினைத்தேன். ஆளுக்கு ஐந்து சதம் கொடுத்தால் எல்லாவற்றிலும் ஒரு தரம் ஏறலாம். வாசலில் தகர டப்பாவோடு உட்காரும் வேலை எனக்கு.

களத்துக்குப் போகும் பாதையில்தான் வினை வந்தது. வண்டிக்காரர்கள் மாடு அவிழ்த்துக் கட்டிய பாதை என்பதால் அதை மாட்டுச் சந்து என்பார்கள். காசு கொடுத்து விளையாட வருகிறவர்கள் மாட்டுச் சந்து வழியாகவா வருவது என்று கேட்ட என் வீட்டுக்காரர், ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை செய்து பெரிய ரோட்டு முனையில் நட்டார். பலகையில் அவருடைய சொந்தப் பெயர், பக்கத்தில் 'தெரு'.

எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர் அந்தப் பலகையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கூலியாக வந்தவர். தோட்டத்தில் இருந்தவரை துரைக்கும் கங்காணிக்கும் அவர் பெயர் 'டேய்'தான். பலகையைப் பார்த்து அவர் கண் கலங்கினார். அப்போதே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு அது உறைக்கவில்லை.

தெருவின் பெயரைச் சொல்லித் தண்டோரா போட்டாயிற்று. முதல் ஞாயிறு வந்தவர்கள் வழி தவறிய இரண்டு ஆடுகளும் அவற்றைத் தேடிவந்த ஒருவரும். ஆட்டுக்காரரிடம் ஐந்து சதம் கேட்டேன், முறைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் டப்பா காலி. என் வீட்டுக்காரர் ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் உப்புச் சாடியின் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில், கலஹாப் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, ராட்டினம் இங்கதானா? காலையிலருந்து தேடுறேன். யாருக்கிட்டக் கேட்டாலும் கோயிலைக் காட்டுறாங்க!"

"தெருப் பேரைச் சொல்லிக் கேட்டியா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதை நான் எப்புடிக்கா சொல்லுவேன்? எங்க வீட்டு ஆளு பேருல்ல!"

எனக்குப் பொறி தட்டியது. என் வீட்டுக்காரருக்கு அவருடைய ஆத்தா வைத்தது மயிலேறும் சாமியின் பெயர். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் மூன்றில் ஒருவருக்கு அதே பெயர்தான். ஒருத்திக்குப் புருசன் பெயர், ஒருத்திக்கு மாமனார் பெயர், இன்னொருத்திக்குக் கொழுந்தன் பெயர். எந்தப் பெண் அதை வாய்விட்டுச் சொல்வாள்? சொன்னால் ஆயுசு குறையும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். 'மயில்மேல இருக்கிற சாமி பேருள்ள தெரு எங்க' என்று அவர்கள் கடைவீதியில் கேட்க, கடைக்காரர்கள் கோயிலைக் கைகாட்ட, இவர்களும் வந்ததே வந்தோம் என்று கும்பிட்டு, உண்டியலில் காசைப் போட்டுவிட்டு, பிரசாதத்தைத் தின்றுகொண்டே மலையேறியிருக்கிறார்கள். பெண்கள் இல்லாத இடத்தில் ஊஞ்சல் ஆட ஆண்களுக்கு வெட்கம், அவர்களும் வரவில்லை. எங்கள் ராட்டினத்தின் வருமானமெல்லாம் சாமிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் பெரிய வேடிக்கை, எனக்கே அந்தப் பெயர் வாயில் வராது என்பதுதான். யாராவது வழி கேட்டால் நானும் பலகையைத்தானே கைகாட்டியிருப்பேன்!

அன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பலகையைக் கழட்டுங்க. வேற பேரு எழுதுங்க."

"மாட்டேன்," என்றார். "அக்கரைக்குப் போனாலும் போவேன், அதைக் கழட்ட மாட்டேன். என் பேரை எங்கயாச்சும் எழுதியிருக்கா? அது ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் பெயருக்காக நான் உப்புக்குக் கையேந்தவா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு பலகையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டு நானே கடைவீதிக்குப் போனேன். கருவாட்டுக்கடை, வளையல்கடை, துணிக்கடை, எங்கெங்கே பெண்கள் நின்றார்களோ அங்கெல்லாம் நின்றேன். "ராட்டினமா? அஞ்சு சதத் தெருன்னு கேளுங்க, பிள்ளையும் காட்டும்," என்றேன். மத்தியானம் நான் திரும்பி வந்தபோது மாட்டுச் சந்து கொள்ளாத கூட்டம். சறுக்குப் பலகையில் ஒரு பாட்டியம்மா வெற்றிலைப் பையோடு சறுக்கி வந்தார். அந்த மர ஆடுகளில் ஏற ஆண்கள் சண்டை போட்டார்கள். டப்பா நிறைந்து என் மடியும் நிறைந்தது.

பலகை அதன் இடத்திலேயே நின்றது. ஆனால் ஊரில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. மலைமுழுக்க அஞ்சு சதத் தெருதான். காசு வரவர என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் கட்டணம் இனிப் பத்துச் சதம் என்று அறிவித்துவிட்டார். பேராசை என்று ஊர் நினைத்தது. எனக்கல்லவா தெரியும்! கட்டணம் மாறினால் அந்தப் பெயர் தானாக உதிர்ந்துவிடும், பிறகு தன் பெயர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

வந்த கூட்டம் ஐந்து சதத்தை நீட்டியபடியே நின்றது. "தெரு பேரே அஞ்சு சதம். பத்துக் கேட்டா நாங்க தப்பான தெருவுக்குல்ல வந்திருக்கோம்?" என்றார் ஒரு பெரியவர். அத்தனை பேரும் திரும்பிப் போக எட்டு வைத்ததும் நான் குறுக்கே ஓடி, ஐந்து சதமே வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு கட்டணம் என்றைக்குமே ஏறவில்லை.

தைப்பூசம் வந்தது. நாங்கள் எங்கேயும் போகவில்லை. மறுநாள் களத்தில் யாரும் இல்லை. அவர் ராட்டினத்தண்டை சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை ஆயிரம் பேரு ஏறினாங்க," என்றார். "ஒருத்தர் வாயில என் பேரு வரலை பாத்தியா."

பாவமாக இருந்தது. "நான் இதுல ஏறினதே இல்லைங்க," என்றேன்.

"ஏறு. அஞ்சு சதம் குடு."

"கட்டினவக்கிட்டயுமா?"

"சும்மா ஏறினா மரியாதை இல்லை," என்று கையை நீட்டினார். மனிதரை என்ன செய்வது! கொடுத்துவிட்டுத் தொட்டிலில் உட்கார்ந்தேன்.

இரண்டு ஆள் தள்ளும் ராட்டினத்தை அவர் ஒற்றை ஆளாகத் தள்ளினார். முதல் சுற்றில் சிரித்தேன். இரண்டாவதில் கண்டி முழுவதும் எனக்குக் கீழே சரிந்தது. ஹந்தானை மலை என் மடியில் விழப்பார்த்தது. நிறுத்துங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது அவர் பெயர். முழுப் பெயர். களம் முழுக்க, மலை வரைக்கும் கேட்கிற மாதிரி.

ராட்டினம் மெல்ல மெல்ல நின்றது. என் தொட்டில் தரைக்கு வந்தது. அவர் கட்டையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் ஆயுசுக்காக அந்த மயில்சாமியையே மனதுக்குள் வேண்டினேன்.

"கூப்பிட்டியா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

நான் தொட்டிலைவிட்டு இறங்கவில்லை. மடியை அவிழ்த்து, இன்னொரு ஐந்து சதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.