முள் இறங்கிய காலை

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியன், பதினெட்டு வருஷ சர்வீஸ். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். இறக்கி வைக்க அவளுக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரித் துணியைச் சுற்றிப் பிழிகிற மூன்றாம் நம்பர் மிஷினில் நிற்பவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ஒரு மாதமாக அதன் பேரிங்கில் கரகரவென்று சத்தம். அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். நூறு கிலோ ஈரத்துணியோடு உருளை கழன்று வந்தால் முதல் அடி யாருக்கு? முன்னால் நிற்கிறவளுக்குத்தானே!

மேனேஜரிடம் சொன்னாள். "எல்லா மிஷினும் சத்தம் போடத்தாம்மா செய்யும். உன்னை விடவா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிங்க, நல்லா சிரிங்க என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், ஓடாத அலாரம் கடிகாரத்தை உடைத்தாள். உள்ளே பீப் பீப் என்று கத்துமே ஒரு வட்டத் தகடு, அதுதான் பீசோ. மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர வைத்தால் மின்சாரம் கொடுக்கும். அதன் மேல் சின்னப் பித்தளைக் கட்டி ஒன்றை ஒட்டினாள். மிஷின் ஆடும்போது கட்டி உடனே கூட வராது, தகட்டை அழுத்தும். எவ்வளவு முடுக்கமோ அவ்வளவு மின்சாரம். அதைப் பெருக்கி, பழைய டேப் ரெக்கார்டரில் ஒலி அளவு காட்டும் முள்ளுக்குக் கொடுத்தாள். முள்ளுக்கு அளவுக் கோடு போட ஒரு வழி வேண்டுமே? ஸ்பீக்கர் மேல் ஒரு பலகை, பலகையில் அந்தத் தகடு, பக்கத்தில் ஒரு நட்டு. ஸ்பீக்கரின் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். நட்டு தடதடவென்று துள்ளத் தொடங்கினால் முடுக்கம் புவியீர்ப்பைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. முள் நின்ற அந்த இடத்தில் 'ஒன்று' என்று கோடு போட்டாள். மிச்சக் கோடுகள் அதை வைத்து.

பேரிங் கூட்டின் மேல் அதை ஒட்டியதும் மேனேஜர் எல்லோர் முன்னாலும், "முள்ளு நாலைத் தொட்டா மிஷினை நிறுத்திடறேன், போதுமா?" என்றான். தொல்லை விட்டது என்று நினைத்திருப்பான். முள் தினமும் ஏறியது. ரெண்டரை, மூன்று, மூன்றரை.

ஐந்தாம் நாள் காலை ஒன்றில் நின்றது.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்றான் மேனேஜர்.

தானாகவா? காய்ச்சலா அது, படுத்து எழுந்தால் சரியாக? சத்தம் அப்படியேதான் இருந்தது. தகட்டைப் பிடுங்கினாள். அடியில் கட்டை விரல் அகலத்துக்கு ஸ்பாஞ்சுத் துண்டு, அழகாக வெட்டி ஒட்டியிருந்தது. அதிர்வையெல்லாம் ஸ்பாஞ்சு குடித்துவிட்டால் முள் எப்படி ஏறும்?

"மனுஷனா சார் நீங்க? அவ உயிரு உங்களுக்கு விளையாட்டா?" என்று அவன் முகத்துக்கு நேரே ஸ்பாஞ்சை ஆட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"அவரைத் திட்டாதேக்கா. நான்தான் வெச்சேன்" என்றாள் தங்கை.

"நீயா? பைத்தியமாடி உனக்கு!"

"போன வருஷம் ரெண்டாம் நம்பர் நின்னப்ப அதுல இருந்தவளை வீட்டுக்கு அனுப்பினாங்க. திரும்பக் கூப்பிட்டாங்களா? உன் முள்ளு நாலைத் தொட்டா என் வேலை போச்சு. உனக்கென்ன, உன் மீட்டர் ஜெயிக்கணும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேற்று மூன்றரையைப் பார்த்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டது நிஜம்தான். அந்த நினைப்பே கோபத்தை இரண்டு மடங்காக்கியது. ஸ்பாஞ்சைச் சுரண்டி எறிந்தாள், தகட்டை நேராக இரும்பில் ஒட்டினாள். முள் நாலைத் தாண்டிக் கடைசியில் போய் முட்டியது.

"இந்த லோடு மட்டும் முடியட்டும்" என்றான் மேனேஜர்.

அவள் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

மெக்கானிக் பேரிங்கைக் கழற்றியபோது குண்டுகளைப் பிடித்திருந்த வளையம் பொடிப்பொடியாக அவன் கையில் கொட்டியது. "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காது" என்றான். மேனேஜர் அவனைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்து, "புது பேரிங் வந்ததும் சொல்லி அனுப்பறேன்மா, வீட்டுல இரு" என்றான். மீட்டரக்கா தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

கேட்டுக்கு வெளியே தங்கை திரும்பினாள். "இனிமே நீ எனக்கு அக்காவே இல்லை" என்று அழுதுகொண்டே அவள் தோளிலும் முதுகிலும் மாறி மாறிக் குத்தினாள்.

"அடிடி" என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் அடி. ரெண்டு கையாலயும் அடி."