விரல்களை எண்ணிய தாதி

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தத் தாதியைப் பார்த்தேன். மலையகத்துப் பெண், ஒல்லி, கண்ணுக்குக் கீழே கருவளையம். இரத்தத்தில் கிருமி ஏறி நினைவின்றிக் கிடந்த என் மனைவியின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, வெளுத்த இடம் சிவக்கும்வரை வாய்க்குள் எண்ணுவார். நானும் எண்ணினேன். முதல் நாள் மூன்று வினாடி. மூன்றாம் நாள் ஒன்பது.

குளிர்ந்து கிடந்த கைகளுக்கு, கையுறை இல்லாததால், நுவரெலியா போவதற்கு வாங்கிய கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டேன். தாதி உடனே கழற்றினார்.

"ஐயா, மூடினா நான் எப்பிடிப் பாக்குறது?"

"ஐஸ் மாதிரிக் கிடக்குது, பிள்ளை."

"குளிரில்ல ஐயா. பிரஷர் விழாம இருக்க ஏத்துற மருந்து, தோல்ல இருக்குற ரத்தக் குழாய இறுக்குது."

"அப்ப மருந்தைக் குறையுங்கோவன்!"

"குறைச்சா விரல் சிவக்கும். அம்மா இருக்க மாட்டாங்க. எது வேணும்?"

"அவ இருந்தாக் காணும், விரல் போனாப் போகட்டும்" என்றேன்.

மனைவி பிழைத்து வந்தாள், கறுத்துப்போன விரல்களை வெட்டியபின் வலது கையில் இரண்டே விரல்களோடு. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது டொக்டர். என் பதில் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தெரிந்தும் அந்தப் பெண் ஏன் கேட்டார்? அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். என்ன பதில் சொன்னேன் என்பதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.