முதல் பத்தடி

"இருபதுக்கு ஒம்பதுதாம்மா இவன் வேகம். வேஸ்ட்டு" என்று என் மகள் அந்த ஆட்டக்காரனை நீக்கப் போனாள். கால்பந்து அணியை நாமே நடத்தும் கைப்பேசி விளையாட்டு அது. வேகத்துக்குக் கீழே இன்னொரு எண் இருந்தது. கிளம்பும் வேகம், பதினெட்டு. அதைப் பார்த்ததும் நான் வளர்ந்த மீனவ ஊரான கோட்டைக்குப்பத்து மணல் என் உள்ளங்காலில் சுட்டது.

அங்கே அண்ணன்தான் எங்கள் கேப்டன். வலை காயும் இடத்திலிருந்து கோயில் வரை ஓடவிட்டுத்தான் ஆள் எடுப்பான். நான் எப்போதும் கடைசி. கம்பு கிடைக்காத நாளில் என்னையே கோல் கம்பமாக நிறுத்திவிடுவான்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் படகு கரையைத் தொட்டது. அதன் அடியில் உருளைக் கட்டை வைக்க, பக்கத்தில் நின்ற அண்ணனும் நானும் ஓடினோம். பத்தடிதான். நான் முந்திவிட்டேன்.

"நீ முன்னாடியே கெளம்பிட்ட. மறுபடி ஓடு!" என்றான். மூன்று முறை ஓடினோம், மூன்று முறையும் நானே முதல்.

"இன்னாடா வெளாட்டு இது? அலை இழுக்குது, கட்டைய வைங்கடா!" என்று நைனா கத்தினார்.

அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரான பசியாவரத்துப் பிள்ளைகளோடு ஆட்டம். அண்ணன் கோலுக்கு ஒரு கம்பைத் தேடி நட்டுவிட்டு, என்னை உள்ளே இறக்கினான்.

இதைச் சொல்லி முடித்தபோது மகளின் விரல் திரையில் தயங்கியது.

"சரி, இவன எங்கம்மா நிறுத்துறது?"

"எதிராளி கோலுக்குப் பக்கத்துல. பத்தடிக்கு மேல ஓடவுடாத."