கேமராவில் தெரியும்படி ஓர் அடி

பஸ் படியில் ஏறும்போது என் இடது இடுப்பு இன்றைக்கும் 'டக்' என்று சத்தம் போடும். விழுப்புரத்தில் எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் செய்துவிட்டுப் போன வேலை அது. இரண்டு காலையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, தரையோடு தரையாகக் குப்புற அழுத்தி, என் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே டீ குடிப்பார். என் அலறல் வாசலில் நிற்கும் அப்பாவுக்குக் கேட்கும். பிள்ளை தேறிவிடுவாள் என்று அவர் வெளியிலேயே நிற்பார். இப்போது யாராவது அந்த மாஸ்டரைக் கண்டிப்பானவர், நல்லவர் என்று பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திண்டிவனத்தில் ஒரு பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, மேட் விரித்து, நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது ஒரே ஒரு சட்டம்தான் வைத்தேன். இங்கே யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. பெற்றவர்களுக்கு இதில் பெரிய ஏமாற்றம். கிளியனூரிலிருந்து நாலாவது படிக்கும் மகளை அழைத்து வந்த ஓர் அம்மாக்காரி முதல் நாளே சொன்னாள்:

"கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்."

"தோல உரிச்சிட்டா வெறும் கண்ண வச்சிக்கினு அவ இன்னா பண்ணுவா?" என்றேன்.

அம்மாக்காரி சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மரியாதைக்குச் சொல்கிற பேச்சுதானே, நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு உடம்பு ரப்பர். எதைச் சொன்னாலும் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வாள். வராதது ஒன்றுதான், பின்பக்கப் பாய்ச்சல். பின்னால் பார்க்காமல் பாய்ந்து, கையை ஊன்றி, கால் தலைக்கு மேல் சுற்றி வந்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் என் கை இருக்கிறது என்று நம்பினால்தான் முடியும். அந்தப் பிள்ளையின் முதுகில் என் கை பட்டதும் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும், கழுத்து உள்ளே போய்விடும். கீழே விழுந்து பயந்த பிள்ளை இப்படிச் செய்யாது. அடி வாங்கின பிள்ளைதான் கழுத்தை ஒளிக்கும், எனக்குத் தெரியாதா? இந்த நடுக்கத்தோடு பாதியில் தயங்கினால் கழுத்து ஒடிந்து விழுவாள். யாரம்மா அடிக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை மிஸ் என்றாள்.

விழுப்புரத்தில் ஒரு போட்டி நடந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் போனாள், முன்பக்கம் செய்ய வேண்டியதை எல்லாம் அழகாகச் செய்தாள், பின்பக்கம் பாய வேண்டிய இடத்தில் அப்படியே நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மேட்டை விட்டு இறங்கிவிட்டாள். அடுத்த பிள்ளையை அனுப்பிவிட்டுத் தேடினேன். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்தார்கள்.

அம்மாக்காரியின் இடது கையில் போன், செல்ஃபி எடுப்பதுபோல நீட்டிப் பிடித்திருந்தாள். திரையில் அப்பன்காரன். வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவன், போட்டி முழுவதையும் அதில்தான் பார்த்திருக்கிறான். அவள் வலது கையால் பிள்ளையின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"தெரியலடி," என்றான் அவன். "நான் இங்க வெயில்ல வெந்துக்கினு இருக்கேன், அது மரம் மாரி நிக்கிது. தெரியற மாரி போடு!"

அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே அரையடி நகர்ந்து கேமராவுக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றது. அடுத்த அறையில் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

போனைப் பிடுங்கிச் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். "யாருடி அது?" என்ற சத்தம் வந்தது. மறுபடி அடித்தேன். சத்தம் நின்ற பிறகும் கீழே போட்டு மிதித்தேன். என் சட்டத்தில் போனைப் பற்றி ஒன்றும் இல்லை. அதோடும் ஆத்திரம் அடங்காமல் அம்மாக்காரியின் மேல் கையை ஓங்கிவிட்டேன்.

என் கை மேலே போனதும் அவளுடைய தோள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்து உள்ளே போய்விட்டது.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"நான் போடலன்னா லீவுல வந்து ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுவாருங்க மிஸ்," என்றாள். "நான்னா மெதுவா போடலாம்னுதான்..."

"இதான் மெதுவா போடறதா?" என்று பிள்ளையின் உதட்டைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகு இரண்டு பேரும் வரவில்லை. கிளியனூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த அப்பன்காரனை நினைத்துப் பல்லைக் கடிப்பேன். அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு அவ்வளவுதான் என்றே நினைத்தேன். ஒரு சாயங்காலம் குடோன் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"போன் எங்கே?" என்றேன். எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

"புதுசு வாங்க பணம் அனுப்பினாரு. ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன். குடோன்ல டவர் எடுக்கலன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

"லீவுல வந்தா?"

"வரட்டும் மிஸ். எங்க அண்ணன் ஊட்ல சொல்லி வச்சிருக்கேன். இனிமே அவரு சொல்லி என் கை எழாது."

பிள்ளை உடை மாற்றிக்கொண்டு வந்து மேட்டில் ஏறினாள். நான் பின்னால் போவதற்குள் அம்மாக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவந்தாள். நான் பிடிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறாள் இல்லையா, அதேபோல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "இன்னிக்கி நான் புடிக்கட்டுமா?" என்றாள்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது. கோபமாக எல்லாம் சொல்லவில்லை.

"நீ வேணாம்மா. மிஸ் புடிக்கட்டும்."

அம்மாக்காரியின் கை நீட்டியபடியே இருந்தது. நான் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றேன். "அப்ப நான் எங்க நிக்கட்டும்?" என்று அவள்தான் கேட்டாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்து மேட்டின் அந்தக் கோடியைக் காட்டினாள். "அங்க நில்லு. தூரமா. ஆனா பாத்துக்கினே இரு."

அம்மாக்காரி போய் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளை அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, பின்னால் பாய்ந்தது.