கலாவின் ஆறு கடைகள்

பிறர் வாயைப் பார்த்தே பிழைக்கிற தொழில்கள் இரண்டு: ஒன்று பல் மருத்துவம், இன்னொன்று நான் செய்கிற சாப்பாட்டு நடை. சுற்றுலா வந்த எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர்த் தேக்காவில் ஆறு கடைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கடையிலும் ஆளுக்கு அரைப் பங்குதான். முழுசாக வாங்கிக் கொடுத்தால் மூன்றாவது கடையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் மெல்லும்போது நாம் பேச வேண்டும்; பேசிக்கொண்டே அவர்கள் வாய் எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்க்க வேண்டும். உறைப்பு அதிகமா, பிடிக்கவில்லையா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டில் ஒருவரை நோயோடு விட்டுவிட்டு, வெளியே வந்து சிரித்த முகத்தோடு வேலை பார்க்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் நம் ஆட்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: இந்த நடை என்னுடையது அல்ல, என் மனைவி கலாவுடையது.

நத்தை சூப்

மொராக்கோவில் ஒரு துறைமுகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கலாவுக்கு சிங்கப்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. இரண்டாவது வருடம் விடுமுறையில் என்னிடம் வந்தவளை ஃபெஸ் நகரத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய ஊர். எதிரே கழுதை வந்தால் மனிதர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், சந்துகள் அவ்வளவு அகலம். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் அங்கே சாப்பாட்டு நடை நடத்தினார். கொண்டைக்கடலை சூப், நத்தை சூப், பிறகு எண்ணெயில் பொரித்து ஓலைக் கீற்றில் கோத்துத் தருகிற ஒரு பண்டம். நடுவில் ஓட்டையோடு அச்சு அசல் நம் மெதுவடை.

நத்தையைக் கண்டதும் நான் ஒதுங்கிவிட்டேன். கலா ஊசியால் குத்திக் குத்தி எடுத்து இரண்டு கிண்ணத்தை முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதையே நம்ம தேக்காவுல செய்யலாம்ல? நான் செய்யத்தான் போறேன்," என்றாள். நான் சிரித்தேன். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, ஏன் அந்த வரிசை என்று காலையிலிருந்து அவரைக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, உங்கள் மனைவி சாப்பிட வரவில்லை, வேவு பார்க்க வந்திருக்கிறார்."

டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி

சொன்னபடியே தேக்காவில் ஒன்பது வருடம் நடத்தினாள். முதலில் சனிக்கிழமை மட்டும், பிறகு பள்ளி வேலையை விட்டுவிட்டு வாரத்தில் நாலு நாள். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. விடுமுறையில் வந்தால் செங்காங் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்குவேன். கூப்பிடுவாள், அடுத்த தடவை என்பேன்.

பிறகு அவள் நாக்கில் ஒரு புண் வந்து ஆறவில்லை. புற்றுநோய் என்றார்கள். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். அதற்கு மேல் கதிர்வீச்சு. வயிற்றில் ஒரு குழாய், அதில் நாளைக்கு ஐந்து வேளை பால் மாதிரி ஒரு திரவம். பேச்சு குழறிப்போனதால் சொல்ல வேண்டியதைக் கைபேசியில் எழுதிக் காட்டுவாள். நான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். பதிவு செய்திருந்தவர்களின் தேதியைத் தள்ளிப்போட்டாளே ஒழிய, யாருக்கும் ரத்து என்று எழுத மாட்டேன் என்றாள். அதனால் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வழிகாட்டி உரிமத்துக்குப் படித்தேன்.

வீக்கமெல்லாம் வடிந்தபின், ஒரு வருடம் கழித்து விழுங்கும் சோதனை ஒன்று செய்வோம், அதில் தேறினால் மிருதுவான உணவை வாய் வழியாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். கலா உடனே எழுதிக் காட்டினாள்: ஆப்பம் மிருதுவான உணவா? எங்கள் நடையில் நாலாவது நிறுத்தம் ஜெயாக்காவின் ஆப்பக் கடை. தேங்காய்ப்பாலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் அங்கே கூட வரும். டாக்டர் சீனர், ஆனால் ஆப்பம் தெரிந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓரத்து முறுகலை மட்டும் உங்கள் கணவருக்குக் கொடுத்துவிடுங்கள்."

அந்த ஒரு வாய் ஆப்பத்துக்காக எங்கள் வீடு ஒரு வருடம் காத்திருந்தது.

பரீட்சை

நான் அதிகம் பேசாத ஆள். துறைமுகத்தில் கொள்கலன்களோடு புழங்கியவனுக்குப் பேச்சு எதற்கு? முதல் நாள் ஹாஜா பாயின் தே தாரிக் கடை முன்னால் எட்டுப் பேரை நிறுத்தி, உரிமத்துக்கு மனப்பாடம் செய்ததை, செராங்கூன் சாலையில் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தேன். ஹாஜா பாய் தேநீரை ஆற்றி முடித்துவிட்டார். நான் மாடுகளை முடிக்கவில்லை. கண்ணாடிக் குவளைகளில் நுரை அடங்கி, மேலே ஆடை படியத் தொடங்கியது.

அவருக்குக் கலா கூடப் பிறக்காத தங்கச்சி; அந்த உரிமையில் நான் அவருக்கு மாப்பிள்ளை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் காதருகில் சொன்னார்: "மாப்ளே, பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டீங்க லா, முதல்ல அவங்கள டீ குடிக்க விடுங்க."

தோ பாயோ ஆசிரியை

ஓய்வு பெற்ற சீன ஆசிரியை ஒருவர், தோ பாயோவில் இருப்பவர். வெளிநாட்டிலிருந்து தோழிகள் வரும்போதெல்லாம் அவர்களை எங்கள் நடைக்குக் கூட்டிவருவார். என்னைப் பார்த்ததும், "அந்தப் பேச்சுக்காரப் பெண் எங்கே?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். என்ன உடம்புக்கு என்று கேட்டார். நாக்கு என்றேன். கடைசிக் கடை வரை என் பக்கத்திலேயே நடந்தார்.

விடைபெறும்போது, நன்றாக இருந்ததா என்று கேட்கிற வழக்கப்படி கேட்டேன். வகுப்பில் பொய் சொல்லிப் பழகாதவர் போலிருக்கிறது. சொன்னார்: "அவர் பேசுகிற வேகத்துக்குப் பாதிதான் எனக்குப் புரியும், ஆனால் பசிக்கும், நீங்கள் சொல்வது முழுக்கப் புரிகிறது."

முதல் வாய்

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்தக் கடையானாலும் முதல் வாயை வழிகாட்டிதான் வைக்க வேண்டும். தெரியாத ஊரில் தெரியாத பண்டம். கூட்டி வந்தவன் வாயில் போட்டால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். கலா சொல்லியிருந்தாள். எனக்குத்தான் மனம் வரவில்லை. அங்கே அவள் குழாயில் பாலை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இங்கே நான் ஆறு கடையில் தின்பதா? விரதம் மாதிரி வைத்துக்கொண்டேன், தண்ணீர் மட்டும்.

ஒரு நாள் ஜெயாக்கா கடையில் ஓர் ஆஸ்திரேலியர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நீங்கள் எதையுமே சாப்பிடவில்லையே, ஏதாவது காரணம் இருக்கிறதா?" என்றார். நான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். அவர் ஆப்பத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டை மேசையில் வைத்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி. அடுத்து எல்லோரும். எட்டுத் தட்டும் வரிசையாக மேசையில்.

ஜெயாக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "நீங்க பட்டினி கிடந்தா கலாவுக்குத் தொண்டை தொறந்துருமா தம்பி? எடுங்க, வாயில வைங்க," என்றார். வைத்தேன். பல மாதம் கழித்துத் தேங்காய்ப்பால். எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தட்டை எடுத்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று சொல்லிவைத்தேன். ஜெயாக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இது கேஸ் அடுப்பு தம்பி, அழறதுன்னா மென்னுகிட்டே அழுங்க, ஆளுங்க பாக்குறாங்க."

சுமார்

வீட்டுக்கு வந்ததும் கலாவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் எதை மிச்சம் வைத்தார், யார் இரண்டாவது தட்டு கேட்டார், சட்னி இன்று எப்படி, எல்லாம் வேண்டும். கதவைத் திறந்ததும் முதலில் என் சட்டையைத்தான் முகர்வாள். எதில் இறங்கினாலும் கடைசியில் ஆப்பத்துக்கு வந்து நிற்பாள். அவள் கண் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள், "இன்னிக்கு ஆப்பம் சுமார்தான், பால் கொஞ்சம் தண்ணி," என்று சொல்லிவைத்தேன். ஆசை கொஞ்சம் அடங்கும் என்று ஒரு கணக்கு. அது வேலை செய்த மாதிரி தெரிந்ததால் மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாள் மாவு புளிப்பு.

கலா எனக்குத் தெரியாமல் ஜெயாக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: தேங்காயை யாரிடம் வாங்குகிறீர்கள், மாவை எத்தனை மணிக்கு ஆட்டுகிறீர்கள், கடைப் பேரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நடையில் ஜெயாக்கா அந்தச் செய்தியை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். முதலில் கோபமாகத்தான் படித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஏன் சொன்னீங்கன்னு புரியுது," என்றார். கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லில் மாவை ஊற்றிவிட்டுச் சொன்னார்: "இனிமே பொய் சொல்றதுன்னா அடுத்த கடைப் பரோட்டாவைச் சொல்லுங்க, என் ஆப்பத்தை இழுக்காதீங்க."

சோதனை

அந்த நாளும் வந்தது. ஜெயாக்கா காலையிலேயே ஒரு டப்பாவில் ஆப்பத்தைப் பிட்டுப் போட்டு, பாலில் ஊறவைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். முறுகல் ஓரத்தையெல்லாம் அவரே கிள்ளி எடுத்துவிட்டிருந்தார். பாஸ் ஆனதும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

எக்ஸ்ரே அறையில் கலாவை உட்கார வைத்து, கூழ் பதத்தில் வெள்ளையாக ஒன்றை ஒரு தேக்கரண்டி கொடுத்தார்கள். விழுங்கினாள். திரையில் ஒரு கறுப்புக் கோடு இறங்கி, போக வேண்டிய குழாயை விட்டுப் பக்கத்துக் குழாயில் நழுவியது. அவள் இருமவில்லை. எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. சோதனை செய்த பெண், இருமாததுதான் கெட்டது என்றாள். நுரையீரலுக்குள் போவது உடம்புக்கே தெரியவில்லையாம். தலையைக் குனியச் சொல்லி ஒரு தடவை, திருப்பச் சொல்லி ஒரு தடவை. மூன்று தடவையும் அதே கோடு. இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம், இது மாறும் என்று நம்பிக்கை கொடுக்க என்னால் முடியவில்லை என்றாள். நல்ல பெண். சொல்லிவிட்டுக் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டப்பா என் பையிலேயே இருந்தது. சிங்கப்பூர் ரயிலில் சாப்பிட்டால் அபராதம். செங்காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்று இருக்கிறது. கலா அங்கே உட்கார்ந்துகொண்டு டப்பாவை எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். திறந்து, முகத்தருகே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். குப்பையில் போட எனக்கும் மனம் வரவில்லை, அதனால் சாப்பிட்டேன். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பெரிய வாயாக அள்ளினேன். அவள் என் கையைத் தட்டி நிறுத்திவிட்டுக் கைபேசியில் எழுதிக் காட்டினாள்: "மெதுவா, இன்னும் ரெண்டு தடவை மென்னுட்டு முழுங்குங்க."

வெள்ளிக்கிழமைப் பட்டியல்

அதன் பிறகு இரண்டு வாரம் கலா எதுவும் எழுதவில்லை. சட்டையை முகரவில்லை, அறிக்கை கேட்கவில்லை. ஒரே ஒரு வேலையை மட்டும் விடவில்லை. பதிவுகளெல்லாம் அவள் கைபேசிக்குத்தான் வரும். நடைக்கு முந்தின சாயங்காலம் பட்டியலை எனக்கு அனுப்புவாள்; வெள்ளிக்கிழமை வருவது சனிக்கிழமைக்கு. பெயர், ஊர், கடைசிக் கட்டத்தில் உணவுக் கட்டுப்பாடு.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பட்டியலில் ஒருவர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது, ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. எட்டாவதாக: கலா, செங்காங். கடைசிக் கட்டத்தில், "வாய் வழியா எதுவும் கூடாது, ஆனா தட்டு வேணும்."

கழுத்தில் மெல்லிய துப்பட்டா சுற்றிக்கொண்டு வந்தாள். ஹாஜா பாய் கேட்காமலே அவள் முன்னால் ஒரு குவளையை வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு கடையிலும் தட்டை வாங்கி, மற்றவர்கள் முடிக்கும் வரை கையிலேயே வைத்திருந்து, பிறகு என்னிடம் நீட்டினாள். ஜெயாக்கா கடையில் ஸ்பெயின்காரப் பெண் ஒருத்தி ஆப்பத்தைத் தொடாமல் கலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கலா என்னைக் கையால் தடுத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதன்முதலாக வெளி ஆட்கள் முன்னால், தானே பேசினாள். குழறலாக மூன்று சொல், தமிழில். என்ன சொன்னார் என்று கேட்பதுபோல் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஜெயாக்காவுக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும்தான் புரிந்தது: "ஆறிடும், சாப்பிடும்மா, நல்லாயிருக்கும்."

இப்போது சனிக்கிழமைதோறும் ஆறு கடையிலும் அவள் தட்டையும் சேர்த்து நானே காலி செய்வதில் இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது, கொழுப்பும் ஏறிவிட்டது, கடைசியில் எங்கள் வீட்டில் வாயைக் கட்டச் சொல்லி டாக்டர் கண்டிப்பது என்னைத்தான்.